வறண்ட தோலுக்கு வேண்டியது எண்ணெயா, நீரா?

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் கை, கால், வயிறு ஆகிய இடங்களில் தோல் வறண்டு, செதில் செதிலாக உரிவதைக் கண்டு பல தாய்மார்கள் கலங்கிவிடுகிறார்கள். "உடம்பில் எண்ணெய்ப் பசையே இல்லை, நன்றாக எண்ணெய் தடவு" என்பது வீட்டுப் பெரியவர்கள் கூறும் அறிவுரை. வறண்ட தோலில் உண்மையில் குறைந்திருப்பது எண்ணெய்தானா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்குத் தெளிவான விடை கிடைத்தது 1952ஆம் ஆண்டில்தான்.

பழைய களிம்பு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலன். தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கலந்து செய்யும் களிம்பு ஒன்று அவர் பெயரோடு சேர்த்து வழங்கப்பட்டு வருகிறது. 'கோல்ட் கிரீம்' என்று இன்று கடைகளில் விற்கும் களிம்புகளுக்கு அதுவே மூதாதை. அதைத் தடவினால் தோல் குளிர்வானேன்? களிம்பிலுள்ள நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை.

இக்களிம்பில் நீரும் இருந்தது, எண்ணெயும் இருந்தது. தோலை மென்மையாக்கியது இவற்றுள் எது என்று பன்னூறு ஆண்டுகள் வரை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எண்ணெய்க் கிணற்றில் கிடைத்த மெழுகு

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்னும் ஊரில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் குழாய்த் தண்டுகளில் படிந்த மெழுகு போன்ற அழுக்கு பெருந்தொல்லையாக இருந்தது. ஆயினும் வெட்டுக்காயத்திற்கும் தீப்புண்ணிற்கும் அதையே எடுத்துத் தடவிக் கொண்டார்கள். ராபர்ட் செஸ்புரோ என்ற இளம் வேதியியலார் இதைக் கவனித்தார். அம்மெழுகைத் தூய்மைப்படுத்தி வெண்மையான கூழாக்கி, 1872இல் 'வாசலின்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். விலங்குக் கொழுப்பைப் போல இது சிக்கு நாற்றம் அடிப்பதில்லை. எனவே விரைவில் வீடுதோறும் பரவியது.

வாசலினில் நீர் சிறிதும் இல்லை. இருந்தும் அதைத் தடவினால் வறண்ட தோல் மென்மையாகிறது. ஆகவே பிசுக்குத்தான் தோலை மென்மையாக்குகிறது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

பிளாங்க் செய்த சோதனை

அமெரிக்க அறிவியலார் இர்வின் பிளாங்க் 1952இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைப் புரட்டிப் போட்டது. உள்ளங்காலில் காய்த்துப்போன தோல் துண்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றை உலர்த்தியபோது விறைத்து, நொறுங்கும் நிலையை அடைந்தன. பிறகு எண்ணெயில் ஊறவைத்தும் அவை மென்மையாகவில்லை. நீரை ஏற்றதும் வளைந்து கொடுத்தன! தோலின் மேற்படலத்தில் நீரின் அளவு ஏறக்குறைய 10 விழுக்காட்டிற்குக் கீழே போனால், அது நெகிழும் தன்மையை இழந்துவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியானால் வாசலின் செய்வதென்ன? அது பாத்திரத்தின் மூடி போன்றது. உடலின் உள்ளிருந்து நீர் தோல் வழியாக ஓயாது கசிந்து ஆவியாகிக் கொண்டிருக்கிறது. மூடி இட்டால், அந்நீர் மேற்படலத்திலேயே தங்கி அதை நனைக்கிறது. மென்மை தருவது நீர்; எண்ணெய் அதற்குக் காவல்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் தோல் மிகவும் வறள்வதற்கும் விளக்கம் இதிலேயே உள்ளது. 0° செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே கொள்ளும். 20° செல்சியசில் 17 கிராம் வரை கொள்ளும். வெளியிலுள்ள குளிர்காற்றை அறைக்குள் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 30 விழுக்காடாகக் குறைகிறது. அந்தக் காற்று தோலிலிருந்து நீரை விரைந்து இழுக்கிறது.

குழந்தைக்கு மட்டும் ஏன்?

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோற்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவரின் தோற்பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். கிலோ ஒன்றுக்குக் கணக்கிட்டால் குழந்தையின் பரப்பு இரண்டரை மடங்கு ஆகிறது. குழந்தையின் மேற்படலமோ மெல்லியது. கருப்பையில் நீருக்குள் இருந்த உடல், பிறந்ததும் காற்றுக்கு வருகிறது. நிறைமாதக் குழந்தைக்கு முதல் சில வாரங்களில் தோல் உரிவது இயல்பே. பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பூச்சில் சுமார் 80 விழுக்காடு நீர்தான். பிறந்து 24 மணி நேரமாவது கழித்தே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் நிலை வேறு. 1970களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். தோலுக்கு மேலே இரு வேறு உயரங்களில் நீராவி அழுத்தத்தை அளந்து, அந்த வேறுபாட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று அறியும் கருவி அது. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகள், நிறைமாதக் குழந்தைகளைவிடப் பல மடங்கு நீரை இழப்பது தெரியவந்தது. நீரோடு உடல் வெப்பமும் போகிறது. வலுவற்ற தோல் வழியே நோய்க்கிருமிகள் நுழையவும் இடமுண்டு. இங்கே வறட்சி உயிர்ப் பிரச்சினையாகிறது.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல

2002இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுண்டெலிகளின் சிதைந்த தோற்காப்பு சூரியகாந்தி எண்ணெயால் விரைவில் சீரடைந்தது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் அதைத் தாமதப்படுத்தின. அடுத்து, வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தனர். மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய்கள் 41 விழுக்காடு குறைந்ததாக 2005இலும், இறப்பு 26 விழுக்காடு குறைந்ததாக 2008இலும் முடிவுகள் வெளியாயின.

அதனால் எங்கும் எவருக்கும் தடவலாமா? கூடாது. 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு கிலோவிற்கும் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்குப் பெட்ரோலியக் களிம்பு தடவியபோது, ஒருவகைக் கிருமித்தொற்று கூடியே காணப்பட்டது. 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் பிறந்த 1394 குழந்தைகள் பங்கு பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஓராண்டு நாள்தோறும் களிம்பு தடவியும் கரப்பான் நோய் தடைபடவில்லை: தடவியவர்களில் 23 விழுக்காடு, தடவாதவர்களில் 25 விழுக்காடு. வந்த வறட்சியைத் தணிக்கும் மருந்து, வராமல் தடுக்கும் என்று கொள்வதற்கில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

தோல் வறண்டிருந்தால், குழந்தையை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்திற்குள் குளிப்பாட்டிவிட வேண்டும். வெந்நீரும் மிகுதியான சோப்பும் தோலிலுள்ள இயற்கைக் கொழுப்பைக் கரைத்துவிடும். துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத களிம்பையோ வாசலினையோ மெல்லத் தடவலாம். நீர் இருக்கும்போதே மூடியை இடவேண்டும் என்பதே இதன் பொருள். தோல் சிவந்து நீர் வடிந்தாலோ, வெடித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எதையும் தடவலாகாது.

"எண்ணெய் தடவு" என்ற பெரியவர்களின் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. எந்த எண்ணெய், எப்போது, எந்தக் குழந்தைக்கு என்பவை மறுபாதி.