தலையில்லாமல் கிளம்பிய லாரி!

எண்ணூர் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், கீழே சக்கரங்கள், முன்னால் இன்ஜின், ஒரு ஸ்டீயரிங்... அவ்வளவுதான்! கதவு கிடையாது, கூரை கிடையாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிய டிரைவர் ஒருவர், கண்ணில் தூசி விழாமல் இடுக்கிக்கொண்டு ஓட்டிப் போவார். 'அப்பா, அந்த லாரிக்குச் சட்டை போட மறந்துட்டாங்களா?' என்று எந்தக் குழந்தைக்கும் கேட்கத் தோன்றும்.

மறக்கவில்லை. சட்டை தைக்கிறவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்!

1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். முதலில் எண்ணூரில் பூட்டப்பட்டது ஆஸ்டின் கார். பிறகு லேலண்டின் காமெட் லாரி வந்தது. 1955-ல் கம்பெனி 'அசோக் லேலண்ட்' ஆனது. இன்ஜினும் சேஸிஸும் எண்ணூர் கொடுக்கும். மேலே என்ன கட்டுவது? ஒருவருக்கு நெல் ஏற்ற வேண்டும், இன்னொருவருக்குத் தண்ணீர் டேங்க், மூன்றாமவருக்கு பஸ்! எனவே வெறும் சேஸிஸ், 400 கிலோமீட்டர் வாக்கில் வெயிலிலும் மழையிலும் ஓடி, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பட்டறைகளுக்குப் போய்ச் சேரும்.

அங்கேதான் லாரிக்குத் தலை முளைக்கும். ஆசாரி மரத்தில் கேபின் கட்டுவார். வெல்டர் அதன்மேல் ஆங்கிள் இரும்பில் ஒரு கேரியர் வைப்பார். சாமான்ய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்! தார்ப்பாய், கயிறு, சமையல் பாத்திரம் எல்லாம் அங்கேதான். ராத்திரி லாரி நின்றுவிட்டால் கிளீனர் பையனுக்கு அதுவே கட்டில், நட்சத்திரங்கள் இலவசம்.

ஜீப்பின் கதையும் ஏறக்குறைய இதேதான். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா 1941-லிருந்து செய்து குவித்த வில்லிஸ் ஜீப்புக்கு மடக்குகிற துணிக்கூரைதான். 1947-லிருந்து பம்பாயில் மஹிந்திரா அதைப் பூட்டி விற்றது. துணிமேல் மூட்டை வைக்க முடியுமா? நம் பட்டறைகள் தகரக் கூரை போட்டன. அதன்மேல் கேரியர். எஸ்டேட் சாமான்கள் மலையேறின.

சரி, கேரியரை எப்படிப் பொருத்துவது? கூரைத் தகட்டில் நாலு ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் மழையிலேயே உள்ளே ஒழுகும். ஓட்டையைச் சுற்றித் துரு ஏறும், தகடு குழியும். நல்ல வேலைக்காரர் தகட்டை நம்பமாட்டார். கேரியரின் கால்கள், கூரையைத் தாங்குகிற தூண்களின் மேல் உட்காரும்படி செய்வார். இல்லையென்றால், மழைத் தண்ணீர் வழிய விடுகிற கெட்டியான விளிம்பைக் கவ்விப் பிடிக்க வைப்பார். பாரம் தகட்டில் நிற்காமல் தூண் வழியாகக் கீழே இறங்க வேண்டும். வீடு கட்டுகிற அதே சூத்திரம்!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காசிமேட்டில் மீன்கூடையைத் தலையில் வைத்துப் போகும் அம்மாவைக் கவனியுங்கள். நடையில் வேகம் இருக்கும். சட்டென்று ஒரு திருப்பம் மட்டும் இருக்காது. தலைப்பாரம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஜீப்புக்குத் தெரியாதே! அகலம் குறைவு, உயரம் அதிகம். தரையில் வைத்த மூட்டையைத் தூக்கிக் கூரையில் வைத்த நிமிடமே அதன் எடைமையம் மேலே ஏறிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் அது சாயப் பார்க்கும். ஆகவே கனமானது கீழே, லேசானது மேலே, அதுவும் நடுவில். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்பது பாதிக் கேள்விதான். வண்டி எவ்வளவு தாங்கும் என்பது மீதிக் கேள்வி!

இப்படி மூட்டைக்கு இடம், தார்ப்பாய்க்கு இடம், கிளீனருக்குக் கட்டில் என்று எல்லாவற்றையும் யோசித்த நாம், ஓட்டுகிறவரை எப்போது யோசித்தோம்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசின் விதி வந்தது. அசோக் மோட்டார்ஸ் தொடங்கி 77 வருடங்கள்!

தலையில் துண்டோடு எண்ணூரிலிருந்து கிளம்பிய அந்த டிரைவருக்கு, ஏ.சி. கூட வேண்டாம்... ஒரு கூரை போதுமாயிருந்தது.