பூனையும் சொப்பும்

அம்பாசமுத்திரத்திலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஓலைப்பெட்டியை என் மகள் கூடத்தின் நடுவே கவிழ்த்தாள். அடுப்பு, பானை, குடம், அம்மி, குழவி, உரல், உலக்கை, திருகை என்று கட்டைவிரல் உயரத்தில் ஒரு முழுச் சமையலறையே தரையில் உருண்டது. அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, உலையும் ஏற்றிவிட்டாள். எங்கள் வீட்டுப் பூனை சோம்பல் முறித்து எழுந்து வந்தது. பானையை முகர்ந்து பார்த்தது, உள்ளே ஒன்றுமில்லை. உலக்கையை முன்னங்காலால் ஒரு தட்டு தட்டியது. அது உருண்டு அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. குழவிக்கும் அதே கதி. பிறகு காலியாகக் கிடந்த ஓலைப்பெட்டிக்குள் ஏறி, இருமுறை சுற்றி, கண்ணை மூடிக்கொண்டது. மகள் அழுதாள்.

சொப்பைப் பற்றிப் பூனைக்கு ஒரு கருத்து உண்டென்றால் அதை அது இரண்டே சொற்களில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது: உருளும்; உட்காரலாம். மனிதர்கள் இச்சிறு பொருள்களில் ஏற்றிவைத்திருக்கும் மற்ற அர்த்தங்கள் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. அந்த அர்த்தங்கள் எங்கிருந்து வந்தன என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொப்பு செய்யும் முறை எளிமையானது, அழகானது. மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு உளியால் உருவம் எடுப்பார்கள். சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படியும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவது பழைய வழக்கம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே நுட்பம்தான். கடைசலில் பிறப்பதால் சொப்பு உருண்டையாக இருக்கிறது. உருண்டையாக இருப்பதால் பூனையின் காலடியில் ஓடுகிறது. அந்த அளவில் பூனை சொப்பின் பிறப்பிலக்கணத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

பொம்மையும் பூனையும் ஒரே ஊரில் தடம் விட்டுச்சென்றதற்குப் பழைய சான்று சிந்துவெளியில் உண்டு. இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள சன்ஹுதாரோவில் 1935–36ஆம் ஆண்டுகளில் எர்னஸ்ட் மெக்கே அகழாய்வு செய்தார். சுடுமண் பொம்மை வண்டிகள் அங்கே கிடைத்தன. கூடவே ஒரு செங்கல்லும் கிடைத்தது. காயவைத்திருந்த ஈரக் கல்லின்மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது. அதன் சுவட்டின்மேல் ஒரு நாயின் சுவடு. துரத்தலின் ஒரு கணம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது, சூளையில் வெந்து நிலைத்துவிட்டது. செங்கல் அறுத்தவர் கோபப்பட்டிருக்கக்கூடும். ஆனால் அக்கல்லை அவர் வீசிவிடவில்லை, சுட்டுவிட்டார் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

தமிழில் சிறுமை என்ற சொல்லே விளையாட்டுக்கு அடைமொழியாக நிற்பதைக் காணலாம்: சிற்றில், சிறுசோறு, சிறுபறை, சிறுதேர். பட்டினப்பாலையில் காயும் தானியத்தைத் தின்ன வரும் கோழிமீது ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது குழந்தைகளின் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்லப் புலவருக்கு ஒரு பொம்மை வண்டி தேவைப்பட்டிருக்கிறது.

சிற்றிலின் கதை வேறு. மணலில் வீடு கட்டிச் சிறுசோறு சமைப்பவள் சிறுமி. அதைக் காலால் கலைப்பவன் சிறுவன். கலித்தொகையின் புகழ்பெற்ற குறிஞ்சிப் பாடலொன்றில் தலைவன் அப்படித்தான் நினைவுகூரப்படுகிறான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் சிற்றிலைச் சிதைக்காதே என்ற வேண்டுதல். பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே வகுக்கப்பட்டது. இப்பாடல்களில் உள்ள காதலையும் பக்தியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கட்டுவது அவள் வேலை, கலைப்பது அவன் லீலை என்ற பங்கீடு இத்தனை நூற்றாண்டுகள் இயல்பாகவே கொள்ளப்பட்டிருக்கிறது. விளையாட்டு அடுப்பு விளையாட்டாகத் தரப்பட்டதல்ல.

ஐரோப்பாவிலும் இப்படித்தான். பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557–58இல் செய்வித்த பொம்மை வீடு குழந்தைகளுக்கானதன்று, கோமகனின் பெருமைக்கானது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணி ஏறத்தாழ 1686 முதல் 1710 வரை சேர்த்து அலங்கரித்த பொம்மை வீடு இன்று ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கான செலவில் கால்வாய்க் கரையில் ஒரு நிஜ வீட்டையே வாங்கியிருக்கலாம் என்பார்கள். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் பெயர் கொடுத்த பொம்மைச் சமையலறைகளோ, எந்தப் பாத்திரம் எங்கே தொங்கவேண்டும் என்பதைச் சிறுமியருக்குப் பழக்கின. பெரியவர்களுக்குக் காட்சிப்பொருள், சிறுமிகளுக்குப் பயிற்சிக்கூடம். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் விளையாட்டு ஒளிந்துகொண்டிருந்தது.

இந்த மரியாதையை உடைத்தவை பூனைகள் அல்ல, எலிகள். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட கதையில் இரண்டு சுண்டெலிகள் பொம்மை வீட்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் விருந்து சுண்ணச்சாந்தில் செய்த போலி என்று கண்டதும் ஆத்திரத்தில் அடித்து நொறுக்குகின்றன. ஏமாற்றப்பட்டவரின் கோபம் அது. எங்கள் பூனையிடம் அந்தக் கோபம் இல்லை. பானை காலி என்றதும் அது பானையை மன்னித்துவிட்டது.

பூனைக்குக் கற்பனை கிடையாது என்று முடிவுகட்டத்தான் இருந்தேன். ஆனால் 2021இல் வெளியான ஓர் ஆய்வு என்னைத் தடுக்கிறது. தரையில் நான்கு வட்டத் துண்டுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு கால்பகுதி வெட்டி, உள்முகமாக வைத்தால் நம் கண்ணுக்கு நடுவில் ஒரு சதுரம் தெரியும். உண்மையில் கோடு ஏதும் இராது. அந்த இல்லாத சதுரத்துக்குள்ளும் சில பூனைகள் போய் உட்கார்ந்தன. சிறிய ஆய்வுதான், பங்கேற்ற பூனைகளும் சிலவே. எனினும், இல்லாத சோற்றைப் பரிமாறும் குழந்தைக்கும் இல்லாத சுவருக்குள் குடியேறும் பூனைக்கும் இடையே நான் நினைத்த தொலைவு இல்லை என்று தெரிந்தது.

உலக்கையை ஒட்டடைக் கம்பால் துழாவி எடுத்துக் கொடுத்தேன். பெட்டியிலிருந்து பூனையைத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டேன். மகள் வேண்டாம் என்றாள். அழுகை ஓய்ந்து, சொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓலைப்பெட்டியைச் சுற்றி வட்டமாக வைத்தாள். அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, உரலுக்கு மேல் குடத்தை ஏற்றி, திருகையை வாசலில் நிறுத்தினாள். சமையலறை போய்விட்டது. என்ன இது என்றேன். கோட்டை என்றாள், தூங்குவது ராஜாவாம். மறுநாள் அதுவும் கலைந்தது. யார் கலைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளே இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.