அம்பா, களமா? இலக்குசார் சிகிச்சையில் ஹைலூரோனிக் அமிலம்

முன்னுரை

1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் திரவத்திலிருந்து ஒரு புதிய பல்சர்க்கரையைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் அதில் அடங்கிய யூரோனிக் அமிலத்தின் பெயரையும் இணைத்து அதற்கு ஹைலூரோனிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இன்று முகப்பூச்சு விளம்பரம் வரை அந்தப் பெயர் வந்துவிட்டது. மருந்தியலிலோ அதன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை இன்னும் பெரியது. பல புற்றணுக்களின் மேற்பரப்பில் சிடி-44 என்னும் ஏற்பி மிகுந்து காணப்படுகிறது. ஹைலூரோனிக் அமிலம் அந்த ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே இதன்மேல் மருந்தை ஏற்றிக் குருதியில் விட்டால், அது புற்றுநோயைத் தானே தேடிச் சேரும் என்பது வாதம்.

இந்த வாதம் பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நோயுள்ள இடத்திலேயே வைக்கப்படும்போது இம்மூலக்கூறு வலிமையான மருந்தூர்தி. குருதியில் விடப்படும்போது அதன் போக்கைப் புற்றுக்கு முன்பே கல்லீரல் தீர்மானித்துவிடுகிறது.

1. மூலக்கூறும் அதன் பிடிமானமும்

குளுக்குரோனிக் அமிலமும் என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் சேர்ந்த இணை ஒன்று; அந்த இணையே ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் கிளையற்ற சங்கிலிதான் ஹைலூரோனிக் அமிலம். இதன் இனத்தைச் சேர்ந்த மற்றப் பல்சர்க்கரைகளைப் போலன்றி, இதில் சல்பேட்டு கிடையாது; புரதத் தண்டும் கிடையாது. செல்சவ்வில் உள்ள மூன்று வகை நொதிகள் இதை நூற்று நேராக வெளியே தள்ளுகின்றன.

வேதியியலாளரின் கண் முதலில் படுவது ஒவ்வோர் இணையிலும் உள்ள கார்பாக்சில் தொகுதியின்மீது. மருந்தைப் பிணைக்க அதுவே எளிய கொக்கி. ஆனால் சிடி-44 இச்சங்கிலியை அடையாளம் காண, குறைந்தது ஆறு சர்க்கரைகள், அதாவது அடுத்தடுத்த மூன்று இணைகள், மாறாமல் இருக்க வேண்டும். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 200 கிலோடால்டன் எடையுள்ள சங்கிலியில் ஏறத்தாழ 500 இணைகள் உண்டு. அவற்றில் 20 விழுக்காட்டில் மருந்து ஒழுங்கின்றிப் பரவிப் பிணைந்தால், அடுத்தடுத்த மூன்று இணைகள் வெறுமையாக இருக்கும் வாய்ப்பு 0.8-இன் முப்படி, அதாவது ஏறத்தாழப் பாதி. மருந்தை 50 விழுக்காடாக உயர்த்தினால் அதே வாய்ப்பு எட்டில் ஒன்றாகச் சரிகிறது. சுமை கூடக் கூட ஊர்தி தன் முகவரியை மறக்கிறது.

சங்கிலியின் நீளமும் பொருட்டானது. நீண்ட சங்கிலிகள் அழற்சியைத் தணிக்கின்றன. நான்கு முதல் 25 இணைகள் வரையிலான துண்டுகள் புதிய குருதி நாளங்களை முளைக்கச் செய்கின்றன என்பது 1985-இலேயே காட்டப்பட்டது. புற்றுக்கு எதிராக அனுப்பும் ஊர்தி உடைந்து புற்றுக்கே நாளம் வளர்த்துவிடக் கூடாது என்ற கவலை ஆய்வாளருக்கு இருந்தே ஆக வேண்டும்.

2. குருதியில் நேர்வது

70 கிலோ எடையுள்ள மனித உடலில் சுமார் 15 கிராம் ஹைலூரோனிக் அமிலம் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு அன்றாடம் சிதைந்து புதிதாக உருவாகிறது. இவ்வளவு வேகமான சுழற்சிக்கு உடல் ஒரு துப்புரவு ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கல்லீரலின் நுண்குழிகளை உள்ளே மூடியிருக்கும் செல்களில் உள்ள ஸ்டேபிலின்-2 என்னும் ஏற்பி, குருதியில் வரும் சங்கிலியைச் சில நிமிடங்களிலேயே வாரி எடுத்துவிடுகிறது. சங்கிலியில் மருந்து ஏறியிருக்கிறது என்பதற்காக அது விலக்கு அளிப்பதில்லை.

இதைத் தவிர்க்க, இச்சங்கிலியால் ஆன நானோ துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வை போர்த்துகிறார்கள். விலங்கு ஆய்வுகளில் கல்லீரலில் தேங்குவது குறையவும் செய்தது. ஆனால் கல்லீரலிடமிருந்து மறைக்கும் அதே போர்வை, சிடி-44 பற்ற வேண்டிய இடங்களையும் ஓரளவு மூடுகிறது.

மேலும் சிடி-44 புற்றணுவுக்கு மட்டும் உரியதன்று. தோலிலும் வெள்ளணுக்களிலும் அது உண்டு. அதன் ஒரு வடிவத்தைக் குறிவைத்த பைவாட்டுசுமாப் மெர்டான்சின் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, தோல் உரிந்துபோகும் கடும் எதிர்விளைவால் ஒரு நோயாளி இறந்ததை அடுத்துக் கைவிடப்பட்டது. அது ஹைலூரோனிக் அமிலம் அன்று; எனினும் இலக்கு எங்கெல்லாம் இருக்கிறது என்பதற்கு அது கொடுமையான சான்று.

இரினோட்டீக்கன் என்னும் புற்றுமருந்தை ஹைலூரோனிக் அமிலத்துடன் கலந்து, பரவிய பெருங்குடல் புற்றுக்குக் கொடுத்த முயற்சி இரண்டாம் கட்ட ஆய்வில் நம்பிக்கை தந்தது. 2014-இல் முடிவு வெளியான மூன்றாம் கட்ட ஆய்விலோ அது தன் முதன்மை நோக்கத்தை எட்டவில்லை.

3. களத்தில் வென்றவை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஆய்வாளர் எண்ட்ரே பலாஷ் சேவற்கொண்டையிலிருந்து தூய்மைப்படுத்திய ஹைலூரோனிக் அமிலம் 1980 முதல் கண் அறுவையில் பயன்பட்டு வருகிறது. வெயிலால் தோலில் தோன்றும், புற்றாக மாறக்கூடிய கரட்டுத் திட்டுகளுக்கு, இதையே தளமாகக் கொண்ட 3 விழுக்காடு டைக்ளோஃபெனாக் களிம்புக்கு 2000-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

சிறுநீர்ப்பைச் சான்று இன்னும் தெளிவானது. பிசிஜி தடுப்பூசிச் சிகிச்சைக்குக் கட்டுப்படாத மேற்பரப்புப் புற்றுக்கு, பாக்லிடாக்செல் பிணைத்த ஹைலூரோனிக் அமிலத்தைக் குழாய்வழிப் பைக்குள்ளேயே செலுத்தினர். முதற்கட்ட ஆய்வில், 20 நோயாளிகளில் 15 பேருக்குத் தொடக்கச் சிகிச்சையின் முடிவில் புற்று முற்றிலும் மறைந்திருந்தது. பராமரிப்புக் காலம் முடிந்தபோது அந்த எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் இங்கே கல்லீரல் குறுக்கிடவில்லை.

வலுவான ஒப்பீட்டை ஹைலூரோனிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியே தருகிறது. தோலடியில் இவ்வமிலம் அமைக்கும் வலையை பிஎச்-20 நொதி தற்காலிகமாகத் தளர்த்துவதால், டிராஸ்டுசுமாப் என்னும் புற்றுமருந்தை 600 மி.கி. அளவில் 5 மி.லி. ஊசியாகச் சில நிமிடங்களில் செலுத்த முடிகிறது. சிரைவழி ஏற்றினால் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும். அதே நொதியைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்தி, கணையப் புற்றின் இறுக்கத்தைக் குலைக்கக் குருதியில் விட்டபோது பயன் விளையவில்லை. 2019-இல் வெளியான முடிவில் இடைநிலை ஆயுள் நொதி பெற்றவர்களுக்கு 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். நொதி ஒன்றே, மாறியது இடமும் நோக்கமும்.

4. ஒரு மறுப்பு

பெரும்பாலான நலமான செல்களில் சிடி-44 உறங்கும் நிலையில் இருப்பதால் இலக்குத் தேர்வு இயல்பாகவே அமையும் என்பர். அது ஏற்கத்தக்கதே. ஆனால் ஏற்பி விழித்திருந்தாலும் ஊர்தி அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகும், புற்றைச் சூழ்ந்து ஏற்கெனவே நிறைந்திருக்கும் உடலின் சொந்த ஹைலூரோனிக் அமிலத்துடன் அது போட்டியிட வேண்டும்.

இடத்தில் வைப்பது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக்கை இதனுடன் பிணைத்த மூட்டு ஊசி 2021-இல் ஜப்பானில் அறிமுகமான சில வாரங்களிலேயே, கடும் ஒவ்வாமை அதிர்ச்சி குறித்த அவசர எச்சரிக்கையை வெளியிட வேண்டியிருந்தது. இயற்கையான பொருள் என்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

முடிவுரை

கண், தோல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் ஹைலூரோனிக் அமிலம் தன்னை நிலைநாட்டியிருக்கிறது, அல்லது நிலைநாட்டும் பாதையில் இருக்கிறது. குருதிவழி இலக்குசார் சிகிச்சையில் அது இன்னும் ஒரு கருதுகோளே. இத்துறையில் எழுதும் ஒவ்வோர் ஆய்வாளரும் மூன்று எண்களை மறைக்காமல் தர வேண்டும்: சங்கிலியின் மூலக்கூறு எடை, மருந்து பிணைந்த விழுக்காடு, கல்லீரலில் சேர்ந்த அளவு. இம்மூன்றும் இல்லாத கட்டுரையில் ‘இலக்கு’ என்ற சொல்லுக்கு இடம் இல்லை.