பெயர் சொல்லி அழைத்தவர்கள்

கதை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அதைக் கொன்றுவிடுவார்கள். தொடர்கதைகளில் இதற்காகவே ஊர்க்கோடியில் ஒரு பாழுங்கிணறும், ஊரைத் தாண்டி ஒரு ரயில் தண்டவாளமும் எப்போதும் தயாராக இருக்கும். அதிலும் உலகம் ஒப்புக்கொள்ளாத காதலாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் சாவு நிச்சயம். வாசகரும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடலாம். செத்தவளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஜெர்மனியில் மானுவேலா என்ற பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் இந்தக் கதிதான் முதலில் எழுதப்பட்டது. பிறகு 1931-ல் அவளோடு படித்த பெண்கள் குறுக்கே புகுந்து அந்த முடிவை மாற்றினார்கள். மானுவேலா கற்பனைப் பெண்தான். ஆனால் அவள் படித்த பள்ளி கற்பனையல்ல. அவளை எழுதியவர் பட்ட வேதனையும் கற்பனையல்ல.

பெர்லினுக்குப் பக்கத்தில் பாட்ஸ்டாம் என்ற நகரம் இருக்கிறது. பிரஷ்ய அரசர்களின் அரண்மனைகளும் பட்டாளங்களும் நிறைந்திருந்த ஊர். 1870-71-ல் பிரான்ஸோடு நடந்த யுத்தத்தில் மாண்ட ராணுவ அதிகாரிகளின் பெண் குழந்தைகளுக்காக அகஸ்டா மகாராணி 1872-ல் ஒரு விடுதிப் பள்ளியை ஏற்படுத்தினார். சார்லாட்டன்பர்க்கில் தொடங்கிய அது 1902-ல் பாட்ஸ்டாமுக்கு இடம் மாறியது. தகப்பனில்லாத பெண்களுக்கு ஒரு நிழல் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் நல்ல நோக்கத்தோடு எழுப்பிய சுவரும் சுவர்தானே!

அந்தச் சுவருக்குள் வளர்ந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டா வின்ஸ்லோ. 1888-ல் ஒரு ராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்தவர். பதினோராவது வயதில் தாயை இழந்தார். தந்தை அவரைப் பாட்ஸ்டாம் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். பிற்காலத்தில் மியூனிக்கில் சிற்பம் பயின்றார். 1913-ல் ஹங்கேரியச் செல்வக் குடும்பத்து எழுத்தாளர் ஒருவரை மணந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. பெண்களையே நேசிக்கும் மனம் தன்னுடையது என்பதை அவர் மறைத்து வாழவும் இல்லை. இத்தனைக்கும் பிறகு, நாற்பது வயதைத் தாண்டியும், பள்ளிக்கூடத்தில் பட்ட காயம் ஆறவில்லை. அதை ஒரு நாடகமாக எழுதினார். 1930-ல் லைப்ஸிக்கிலும், அடுத்த ஆண்டு வேறு பெயரில் பெர்லினிலும் அது மேடையேறியது. அதே 1931-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி 'சீருடையணிந்த பெண்கள்' என்ற பொருள்படும் தலைப்போடு திரைப்படமாகவும் வந்தது.

கதை சிறியது. தாயற்ற மானுவேலாவுக்குப் பதினான்கு வயது. விடுதியில் கோடு போட்ட சீருடை, வரிசை வரிசையான கட்டில்கள், அரை வயிற்றுச் சாப்பாடு. பசியும் கட்டுப்பாடும்தான் பிரஷ்யாவைப் பெரிதாக்கும் என்பது தலைமையாசிரியையின் சித்தாந்தம். இந்தப் பாலைவனத்தில் பெர்ன்பர்க் என்ற ஆசிரியை ஒருத்திதான் பெண்களைப் பெண்களாக நடத்துகிறாள். இரவில் ஒவ்வொரு கட்டிலாக வந்து நெற்றியில் முத்தமிட்டு விளக்கணைக்கிறாள். மானுவேலாவின் உள்சட்டை கிழிந்து போயிருப்பதைக் கண்டு தன்னுடையதை எடுத்துக் கொடுக்கிறாள். தாயின் இடத்தைத் தேடி வந்த பெண்ணின் மனம் தாயன்போடு நிற்காமல் காதலாகவே முற்றிவிடுகிறது. ஆசிரியையோ தன் எல்லையை அறிந்தவள். ஆனால் அந்தப் பெண்ணின் மனசை அசிங்கம் என்று சொல்ல மறுப்பவள்.

இதே விடுதியில் இன்னொரு காரியமும் நடக்கிறது. இல்ஸெ என்ற துடுக்குக்காரப் பெண், சாப்பாடு போதவில்லை என்று வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, காவலைத் தாண்டி ரகசியமாக அனுப்பிவைக்கிறாள். கடிதம் மேலிடத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. தண்டனையாக, பள்ளி நாடகத்தில் நடிக்கக் கூடாது என்று அவளைத் தள்ளிவைக்கிறார்கள். விடுதிச் சோற்றைத் தின்றவர்களுக்கு இந்தக் கடிதத்தின் மதிப்பு தெரியும். கொடி பிடிப்பதும் கோஷம் போடுவதும் பிறகு வரும் சங்கதிகள். மாணவர் கிளர்ச்சி பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டில்தான் ஆரம்பமாகிறது.

அந்தப் பள்ளி நாடகம் ஷில்லரின் 'டான் கார்லோஸ்'. 1787-ல் அரங்கேறிய அந்த நாடகத்தில் இளவரசன் அடையக் கூடாதவளைக் காதலிக்கிறான். அவன் நண்பன் போஸா அரசனின் முகத்துக்கு நேரே சிந்தனைச் சுதந்திரம் கேட்கிறான். காதலும் சுதந்திரமும் ஒரே மேடையில்! மானுவேலா இளவரசனாக வேஷம் கட்டுகிறாள். நாடகம் முடிந்த களிப்பில், மதுக் கலந்த பானம் தலைக்கேற, ஆசிரியையின் மேல் தனக்குள்ள காதலை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறாள். தலைமையாசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விதிக்கப்படும் தண்டனை அடி அல்ல, உதை அல்ல. மானுவேலாவோடு யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான். ஆசிரியையும் பேசக் கூடாது, தோழிகளும் பேசக் கூடாது. ஒரு பெண்ணை மாடிப்படியின் உச்சிக்கு ஏற்றிவிட இது போதும். மூல நாடகத்தில் அவள் குதித்துவிடுகிறாள். திரைப்படத்தில் அப்படி நடக்கவில்லை. மானுவேலாவைக் காணோம் என்றதும் கட்டுப்பாடெல்லாம் காற்றில் பறக்கிறது. பெண்கள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாதென்று உத்தரவோ, அதே பெயரைக் கட்டிடம் அதிரக் கூவிக்கொண்டு தேடுகிறார்கள். உச்சிப்படியில் கம்பிக்கு வெளியே தொங்கும் பெண்ணை இழுத்து மீட்கிறார்கள். தலைமையாசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கி, நீண்ட தாழ்வாரத்தின் இருட்டில் நடந்து மறைகிறாள். வெளியே பட்டாளத்து ஊதுகொம்பு ஒலிக்கிறது.

நம் பழைய இலக்கணத்தில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதலை மூடிவைத்தால் அவள் உயிர் போய்விடும் என்ற நிலை வரும்போது தோழி வாய் திறந்து பேசுவாள். அதற்கு அறம் என்று பெயர் வைத்த முன்னோர்கள் சாதாரணமானவர்களல்லர். பாட்ஸ்டாம் மாடிப்படியில் அந்தப் பெண்கள் செய்ததும் அதுதான்.

இந்தப் படத்தில் ஆண் நடிகர் ஒருவர்கூட இல்லை. இயக்கியவர் லியோன்டீன் சாகான் என்ற பெண்மணி. அவருக்கு அதுதான் முதல் படம். நடித்தவர்களும் உழைத்தவர்களும் கூலிக்குப் பதிலாக லாபத்தில் பங்கு என்ற ஏற்பாட்டில் கூட்டுறவாக எடுத்த படம். மாணவியாக நடித்த ஹெர்தா தீலெயும் ஆசிரியையாக நடித்த டோரோதியா வீக்கும் ஒரே ஆண்டில், 1908-ல், பிறந்தவர்கள்! பார்த்தவர்கள் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தோன்றவில்லை, நடிப்பு அப்படி.

படம் கடல் தாண்டிப் போயிற்று. 1932-ல் வெனிஸ் நகரில் நடந்த முதல் திரைப்பட விழாவில் காட்டினார்கள். நியூயார்க் தணிக்கையாளர்கள் முதலில் தடுத்து, பிறகு வெட்டி அனுமதித்தார்கள். பாவம் என்ற சொல்லை மறுத்து, அன்புக்கு எத்தனையோ உருவம் உண்டு என்று ஆசிரியை பேசும் இடத்திலும் கத்திரி விழுந்தது. பசியை எதிர்க்கலாம், அதிகாரத்தை எதிர்க்கலாம். அந்த எதிர்ப்பு எந்த அன்பிலிருந்து பிறந்ததோ அதை மட்டும் சொல்லக் கூடாது! ஜப்பானில் 1933-ல் பத்திரிகை விமரிசகர்கள் இதையே சிறந்த அந்நியப் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெண்கள் பள்ளிகளில் மாணவியருக்குள் வளரும் காதலுக்கு 'எஸ்' என்று ஒரு பெயரே வழங்கியது. யோஷியா நொபுகோ என்ற எழுத்தாளர் 1916 முதலே அத்தகைய நேசத்தைக் கதைகளாக எழுதிப் புகழ் பெற்றிருந்தார். கல்யாணத்தோடு முடிந்துவிடும் விளையாட்டு என்று பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். முடிய மாட்டேன் என்று அது அடம் பிடித்தால்தான் ஆபத்து.

விமரிசகர்களும் வெகு காலம் கத்திரிக்கோலோடுதான் இருந்தார்கள். 1947-ல் ஜெர்மன் சினிமாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கிராகவர், அதிகாரத்துக்கு எதிரான படமாகவே இதைப் பார்த்தார். கடைசி ஊதுகொம்பைக் கவனித்து, அதிகாரம் உண்மையில் தோற்கவில்லை என்றும் சொன்னார். அது சரியான கவனிப்பு. 1981-ல் ரூபி ரிச் என்ற அமெரிக்க விமரிசகிதான், காதலையும் கிளர்ச்சியையும் இந்தக் கதையில் பிரிக்க முடியாது என்று அழுத்தமாக எழுதினார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. தோழிகள் காப்பாற்றியது பொதுவான ஒரு கொள்கையை அல்ல. இன்னாரை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்ட ஒரு பெண்ணை.

படம் வெளியான பதினான்கு மாதங்களில், 1933 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வந்தார். பெர்லினில் 1924 முதல் வந்துகொண்டிருந்த, பெண்களை நேசிக்கும் பெண்களுக்கான 'தோழி' என்ற பத்திரிகை அந்த ஆண்டே நின்றது. சாகான் நாட்டை விட்டு வெளியேறினார். படத்தில் சிறு வேஷம் போட்ட தாமஸ் மானின் மகள் எரிகாவும் வெளியேறினார். ஹெர்தா தீலெ ஆட்சிக்கு வளைந்து கொடுக்காமல், தொழில் செய்யும் உரிமையை இழந்து, 1937-ல் சுவிட்சர்லாந்து போனார். படத்தைத் தயாரித்த கார்ல் ஃப்ரோலிக்கோ 1939-ல் நாஜிகளின் திரைப்பட சபைக்குத் தலைவரானார். ஒரே மாடிப்படியில் வேலை செய்தவர்கள். ஏறியவர்களும் உண்டு, இறங்கியவர்களும் உண்டு. பாட்ஸ்டாம் பள்ளிக் கட்டிடம் யுத்தத்துக்குப் பிறகு சோவியத் ராணுவ எதிர் உளவுத் துறையின் கைக்குப் போய், 1994 வரை அங்கேயே இருந்தது.

கிறிஸ்டா வின்ஸ்லோ 1933-ல் இதே கதையை நாவலாக வெளியிட்டார். அதில் மானுவேலா மறுபடியும் சாகிறாள். தன் தேசம் போகிற போக்கைப் பார்த்தவர், தோழிகள் ஓடி வருவார்கள் என்று எழுத மனம் வராமல் இருந்தாரோ என்னவோ! பிறகு அவர் பிரான்ஸில் குடியேறினார். 1944 ஜூன் 10-ஆம் தேதி குளூனி என்ற ஊருக்கு அருகில், காட்டுக்குள் அவரையும் அவருடைய துணைவியையும் நான்கு பிரெஞ்சுக்காரர்கள் அழைத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். உளவாளிகள் என்று காரணம் சொன்னார்கள். 1948-ல் வழக்கு நடந்து நால்வரும் விடுதலையானார்கள்.

நாடகத்தின் முடிவு உண்மையா, படத்தின் முடிவு உண்மையா என்று கேட்டால் இரண்டும் உண்மை என்றுதான் சொல்ல வேண்டும். வித்தியாசம் மானுவேலாவிடம் இல்லை. அவள் இரண்டிலும் ஒரே பெண்தான். பேசாதே என்று உத்தரவு வந்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. இனி நம்மில் யாராவது இப்படி ஒரு பெண்ணின் கதையை எழுத உட்கார்ந்தால், அவளைக் கிணற்றடிக்கு அனுப்பும் முன், பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தார்கள் என்று ஒரு முறை விசாரித்துவிட்டு எழுதுவது நல்லது.