மாரிக்குப்பம் வண்டியும் பழைய கணினியும்

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி கட்ட வழி சொல்லும் பட்டியல்களில் பெரும்பாலானவை, புதிய பாகங்களுள் மலிவானவை எவை என்ற தேடலோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவில் அத்தகைய கணினியின் வரலாறு வேறு திசையில் நடந்திருக்கிறது. அது மலிவான புதுப்பொருளின் வரலாறன்று; பிறர் பயன்படுத்திக் கழித்ததை எந்த ஆண்டில், எந்தக் காரணத்தால் கழித்தார்கள் என்று அறிந்து கைப்பற்றியவர்களின் வரலாறு. கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் தங்கவயலில் வேரூன்றிய பெருஞ்சுரங்கங்களுள் நந்திதுர்க் ஒன்று. சாம்பியன் ரீஃப், மைசூர் சுரங்கங்களோடு சேர்ந்து இறுதிவரை இயங்கியதும் அதுவே. வடஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த உழைப்பாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குள்ள ‘லைன்’ வீடுகளில் தமிழ் பேசி வாழ்கிறார்கள். 2001 மார்ச் முதல் நாளில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணி நின்றுபோனது; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். அதன்பின் அவ்வூரின் வேலை பெங்களூருக்கு இடம்மாறிற்று. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டிகளில் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் போய்த் திரும்புகிறார்கள். 1894இல் சுரங்கங்களுக்கென்றே போடப்பட்ட கிளைப்பாதை அது.

தங்கவயலுக்குக் கழிவோடு பழைய உறவு உண்டு. தொடக்கக் காலத்தில் ஒரு டன் தாதுவில் நாற்பது கிராமுக்கும் மேல் பொன் கிடைத்தது. மூடப்படும் காலத்தில் அது மூன்று கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. 1887இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை இங்கு வந்தபோது, ஆலைகள் முன்னரே அரைத்துத் தள்ளிய மணலை மீண்டும் எடுத்துப் பொன் பிரித்தார்கள். இன்று ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளில் ஏறத்தாழ மூன்று கோடியே முப்பது லட்சம் டன் மணல் கிடக்கிறது. அதில் எஞ்சியிருப்பதை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. ஒருவருக்குக் கழிவாக முடிந்தது இன்னொரு நுட்பத்துக்குத் தாதுவாகும் என்பதை அவ்வூரார் நூறாண்டுக்கு மேலாகக் கண்ணெதிரே கண்டுவருகிறார்கள்.

1984 நவம்பரில் வந்த கணினிக் கொள்கை இறக்குமதியைச் சற்றுத் தளர்த்தியது. 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியா, 2005க்குள் கணினிப் பொருள்களின் சுங்கவரியைப் படிப்படியாக நீக்க இசைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாகங்களாக வாங்கிக் கடையிலேயே பூட்டிய கணினிதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. சென்னையில் வானொலி உதிரிகள் விற்ற ரிச்சி தெரு, மும்பையின் லேமிங்டன் சாலை, தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரில் டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் அருகிலுள்ள சதர் பத்ரப்பா சாலை ஆகியவை அவ்வணிகத்தின் தலங்களாயின. கடைசியாகச் சொன்னதை எஸ்.பி. ரோடு என்று சொன்னால்தான் பெங்களூரில் எவருக்கும் விளங்கும். ‘பிராண்டட்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘அசெம்பிள்டு’ நம் பேச்சில் நிலைத்ததும் அக்காலத்தில்தான். அச்சொல்லில் ஏளனமும் பெருமையும் ஒருங்கே ஒலித்தன: உத்தரவாதம் இல்லை, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

உள்ளே இருப்பது தெரிந்தவர்க்குக் கிடைத்த முதற்பரிசு 1998 ஆகஸ்டில் வந்தது. இன்டெல் ஒரே நாளில் இரு செயலிகளை வெளியிட்டது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2இன் விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏயின் விலை 149 டாலர். செலரானின் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது; 66 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் ஓடியதால் அது 300 ஆயிற்று. அதே செயலியை 440பிஎக்ஸ் மதர்போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் ஓட்டினால் 450. செயலிக்குள்ளேயே பொதிந்திருந்த 128 கிலோபைட் கேஷ் நினைவகம் முழு வேகத்தில் ஓடியதால் பல விளையாட்டுகளில் அது விலையுயர்ந்த உடன்பிறப்பை எட்டிப்பிடித்தது. வேகத்தை மாற்ற வசதியில்லாத மதர்போர்டாக இருந்தால், செயலி அட்டையின் பி21 என்னும் தொடுமுனைமேல் துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும். மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று நம்பிவிடும். 2000இல் ஏஎம்டியின் டியூரான் வந்தபோது ஒட்டுநாடாவின் இடத்தைப் பென்சில் பிடித்தது. செயலியின் மேற்பரப்பில் வெட்டிவிடப்பட்டிருந்த எல்1 இணைப்புகளின் குறுக்கே பென்சிலால் கோடிழுத்தால், கிராஃபைட் மின்சாரம் கடத்தி, பூட்டிய பெருக்கெண்ணைத் திறந்துவிடும். நிறுவனம் விலை வேறுபாட்டுக்காக இட்ட பூட்டை ஒரு பள்ளிப் பெட்டியில் கிடக்கும் பொருளால் திறந்த காலம் அது. இன்று பூட்டுகள் செயலிக்குள் போய்விட்டன, பென்சில் செல்லாது.

சொந்தக் கணினி எட்டாதவர்க்குப் பிரவுசிங் சென்டர் இருந்தது. 1999இல் இரு இளைஞர் உருவாக்கிய ஒரு துணைநிரலாகத் தொடங்கிய கவுன்டர் ஸ்டிரைக், பழைய இயந்திரத்திலும் ஓடியதால்தான் இந்தியச் சிற்றூர்கள்வரை பரவியது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாடியவர்களே பின்னர் பாகம் பாகமாகக் கணினி கட்டினார்கள். ஆகவே குறைந்த செலவுக் கணினி எந்த விளையாட்டுக்காக என்ற கேள்வி எப்போதும் முதலில் நிற்கிறது. அதைக் கேட்காமல் தொடங்கும் பட்டியல் பணத்தை வீணாக்குகிறது.

அடுத்து வந்தது சர்வர்களின் கழிவு. 2004இல் வந்த 775 முனைச் சாக்கெட்டுள்ள மதர்போர்டுகள் இந்திய வீடுகளில் மிகப் பரவலாக இருந்தன. அவற்றுக்குரிய நான்கு கருச் செயலிகள் பழையதாகக் கிடைத்தாலும் விலை இறங்கவில்லை. ஆனால் சர்வர்களுக்கென 771 முனைகளோடு செய்யப்பட்ட ஜியான் செயலிகள் கிட்டத்தட்ட அதே உருவம் கொண்டவை; சர்வர் கூடங்கள் அவற்றைக் கழித்தபோது வாங்க ஆளில்லை. 3 கிகாஹெர்ட்ஸ் ஜியான் இ5450, மேசைக் கணினியின் உயர்நிலைச் செயலியான கோர் 2 குவாட் க்யூ9650க்கு நிகரானது. இடையே நின்ற தடைகள் இரண்டு: இரு முனைகள் இடம் மாறியிருந்தன, சாக்கெட்டின் ஓரத்தில் இரு சிறு பிளாஸ்டிக் முட்டுகள் இருந்தன. முட்டுகளைக் கத்தியால் சீவிவிட்டு, அவ்விரு முனைகளையும் மாற்றி இணைக்கும் விரல்நக அளவு ஒட்டியைச் செயலியின் அடியில் ஒட்டி, பயாஸில் அச்செயலிக்குரிய நுண்குறியீட்டைச் சேர்த்தால் ஜி41 மதர்போர்டு ஒன்று மறுபிறவி எடுத்தது. உலகெங்கும் பெயர் தெரியாத பலர் சோதித்துச் சோதித்து 2013 வாக்கில் நிலைபெறச் செய்த இம்முறையை, எந்தப் பொறியியல் கல்லூரிப் பாடத்திலும் இடம்பெறாத நல்ல பொறியியல் என்றே சொல்ல வேண்டும். 2016இல் மேலும் பெரிய அலை: 2012இல் 1,500 டாலருக்கு மேல் விற்ற எட்டுக் கருக்கள் கொண்ட ஜியான் இ5-2670, பெருநிறுவனத் தரவு மையங்கள் புதுப்பிக்கப்பட்டபோது நூறு டாலருக்கும் கீழே வந்தது.

நந்திதுர்க்கிலிருந்து பெங்களூருக்குப் போய்வருகிறவர்க்கு இவை அனைத்தையும்விட அருகிலிருப்பது அலுவலகக் கழிவு. மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் சில ஆண்டுகளுக்கொருமுறை மொத்தமாக ஏலம் விடும் டெல், எச்பி மேசைக் கணினிகள் பழைய பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் செயலி, மதர்போர்டு, ரேம், பெட்டி எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும். விளையாடத் தேவையான கிராபிக்ஸ் கார்டு மட்டும் இராது. அதைச் சேர்ப்பதில்தான் சிக்கல். அக்கணினிகளின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 240 முதல் 300 வாட் வரையிலானது. கார்டுக்குத் தனி மின்கம்பி இராது. பல மாதிரிகளில் மதர்போர்டு இணைப்பும் நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால் கடையில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. மதர்போர்டின் நீண்ட துளை தரக்கூடிய உச்சம் 75 வாட். 2014 பிப்ரவரியில் 60 வாட்டில் இயங்கும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தபோது இந்தக் கணக்கு முதன்முறையாக நிறைவாகப் பொருந்தியது. 2016இல் 1050 டிஐ, 2019இல் 1650 எனத் துளையின் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுகள் தொடர்ந்தன. கார்டை விட்டால் அடுத்த செலவு ரேமில்: அலுவலகக் கணினியில் ஒற்றை ரேம் மட்டும் செருகியிருப்பது வழக்கம், அதற்கிணையான இன்னொன்றைச் செருகினால் தரவு இரு தடத்தில் ஓடும். பழைய சுழல்வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைத்தால் விளையாட்டின் சட்டவேகம் கூடாது. ஆனால் கணினியோடு வாழ முடியும்.

இக்கதையில் ‘சுரங்கம்’ என்னும் சொல் புதுப்பொருளில் நுழைந்தது 2017இல். எத்தீரியம் நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டுவதற்குக் கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தவர்கள் அதை மைனிங் என்றார்கள். தமிழ் இதழ்கள் சுரங்கம் தோண்டுதல் என்று எழுதின. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், பாறை வெடிப்புக்கு அஞ்சி உழைத்தவர்களின் ஊரில் அச்சொல்லை வாசிக்க நேர்ந்தவர்க்கு என்ன தோன்றியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. 2021இல் கார்டுகளின் விலை பன்மடங்கானது. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் அம்முறையைக் கைவிட்டதும், ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் பழைய பொருள் சந்தையில் கொட்டின. அவற்றை வாங்குவோர் மூன்றைப் பார்க்க வேண்டியிருந்தது: ஓயாது சுழன்ற விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை, நாணயத்துக்காக மாற்றி எழுதப்பட்ட பயாஸ். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர்க்கு அது நல்ல பேரம்.

இங்கே ஒரு போட்டியாளரைச் சொல்லியாக வேண்டும். ஒரு டன் கணினி மதர்போர்டுகளில் ஏறக்குறைய 200 கிராம் பொன் இருக்கும் என்று மறுசுழற்சித் துறையில் கணக்கிடுகிறார்கள்; நந்திதுர்க்கின் கடைசித் தாதுவைப் போல் அறுபது, எழுபது மடங்கு. 1995இன் பென்டியம் புரோ செயலி இன்று கணினியாக எவருக்கும் வேண்டாம். அதிலுள்ள பொன்னுக்காகவே விற்கிறது. ஆகவே கழிக்கப்பட்ட ஒவ்வொரு மதர்போர்டும் இரு விலைகளுக்கு நடுவே நிற்கிறது: எடைக்கு வாங்குபவரின் விலை ஒன்று, ஓட்டிப்பார்த்து வாங்குபவரின் விலை மற்றொன்று. முதலாமவர் முந்திக்கொண்டால் அமிலத்திலோ உலையிலோ முடியும். திறந்தவெளியில் அமிலம் கொண்டு பொன் பிரிப்போரின் நுரையீரலும் கைகளும் தரும் விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சயனைடு மேட்டின் தூசியைச் சுவாசித்த ஊருக்கு இது புதிதன்று. ஓடக்கூடிய பலகையை ஓடவிடுவதே அதிலுள்ள பொன்னுக்கும் மனிதருக்கும் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இப்போது நடந்துகொண்டிருப்பது இதுவரை வந்தவற்றுள் மிகப் பெரிய அலை. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. 2017இல் வந்த ஐ7-7700கூட வெளியே நிற்கிறது. ஓட்டத்தில் குறையில்லாத கணினிகளை அலுவலகங்கள் கழிக்க இது காரணமாயிற்று. லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்ட வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் பெரிதும் உதவும். ஆனால் வேலரன்ட் போன்றவை, ஏமாற்றைத் தடுக்கும் நிரல்களின் காரணமாக அங்கு ஓடா. நண்பர் குழு முழுவதும் வேலரன்ட் ஆடுகிறது என்றால் பழைய ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கும் முன் இருமுறை எண்ண வேண்டும்; எட்டாம் தலைமுறைக் கணினிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே சிக்கனம்.

அதே 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை ஏறிற்று. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் என்னும் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. புதிய கணினி கட்டுவோர் ரேமுக்கே திணறும் நிலையில், ஏலத்தில் வரும் அலுவலகக் கணினியில் ஏற்கெனவே செருகியிருக்கும் ரேம் தனி மதிப்புப் பெறுகிறது. எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசுமுன் பெட்டியின் மூடியைத் திறந்து அது இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.