முள்பட்டை

நிற்காமல் தப்பியோடும் வாகனத்தின் டயர்களில் காற்றை இறக்கக் காவல்துறை சாலையின் குறுக்கே விரிக்கும் கருவி. ஸ்டிங்கர், ஸ்டாப் ஸ்டிக் ஆகியவை பரவலாக அறியப்பட்ட வகைகள்.

டயரை வெடிக்கச் செய்வது இதன் நோக்கமல்ல. வேகமாகச் செல்லும் காரின் டயர் திடீரென வெடித்தால் ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்து வழியில் போகிறவர்கள் மீதும் மோதக்கூடும். அதனால் முட்கள் உள்ளே துளையுள்ள எஃகுக் குழாய்களாக அமைக்கப்படுகின்றன. டயரில் குத்திய முள் பட்டையிலிருந்து கழன்று டயரிலேயே தங்கிவிடும். துளை வழியாகக் காற்று சில விநாடிகளில் சீராக வெளியேறும். ஸ்டாப் ஸ்டிக் முக்கோண வடிவம் கொண்டது. எப்படி விழுந்தாலும் முட்கள் மேல்நோக்கியே இருக்கும். காற்றிறங்கினாலும் ஓடும் 'ரன்-ஃபிளாட்' டயர்களில் பலன் குறைவு.

உண்மையான ஆபத்து விரிப்பவருக்குத்தான். அமெரிக்காவில் பட்டையை வீசும்போது வாகனம் மோதிப் பல காவலர்கள் இறந்துள்ளனர்; டல்லாஸ் நகரக் காவல்துறை இதன் பயன்பாட்டையே தடை செய்தது. பாலத்தூண் போன்ற உறுதியான மறைவும் பின்வாங்க வழியும் உள்ள இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்துகிறார்கள். நிறுத்திய ரோந்து கார் நல்ல மறைவல்ல. ஓட்டுநர் அதன்மீதே மோதக்கூடும். கயிறு கட்டிய பட்டையை, குற்றவாளியின் வண்டி கடந்ததும், துரத்தி வரும் காவல் வண்டிகளுக்கு முன் இழுத்துவிட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது கூடாது. இருசக்கர வாகனங்களுக்கு எதிராக இதைப் பயன்படுத்துவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.