டூட்டூ: பாலே ஆடையின் வரலாறும் நாகரிக உடைமரபில் அதன் இடமும்

ஐரோப்பியச் செவ்வியல் நடனமாகிய பாலேயைப் பற்றி ஏதும் அறியாதவரும் அதன் ஆடையை அடையாளம் காண்பர். உடலை ஒட்டித் தைத்த மேற்சட்டையும் வலைத்துணி அடுக்குகளால் விரிந்து நிற்கும் பாவாடையும் சேர்ந்த அவ்வுடை டூட்டூ எனப்படும். இது 1832ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஒரே இரவில் பிறந்த மேடைப் புதுமை எனப் பலரும் எழுதிச் செல்கின்றனர். அக்கூற்று முழுதும் பொருந்துவதன்று. அக்கால மேட்டுக்குடிப் பெண்டிர் மாலை விருந்துகளுக்கு அணிந்த உடையின் மேடை வடிவமே டூட்டூ எனக் கொள்வது பொருத்தமாகும். வெளியுலகில் உடை மாறிக்கொண்டே சென்றது; மேடையில் அது நின்றுவிட்டது; நின்ற இடத்திலிருந்து தனக்கென ஒரு வழியில் வளர்ந்தது. நாகரிக உடைக்கும் டூட்டூவுக்கும் உள்ள உறவை இவ்வகையில் நோக்கினால்தான் பிற்கால நிகழ்ச்சிகள் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலே ஆடிய பெண்கள் அரசவை உடையையே அணிந்தனர். இடுப்பின் இருபுறமும் கூடு வைத்து அகலப்படுத்திய அப்பாவாடை தரையைத் தொட்டது. காலின் வேலை எதுவும் பார்ப்பவர்க்குத் தெரியாது. மாரி காமார்கோ தம் துள்ளல் அடிகள் புலப்படுமாறு பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். மாரி சாலே 1734இல் இலண்டனில் கூடுகளை நீக்கி, எளிய மசுலின் உடையில் ஆடினார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மகளிரிடையே மசுலின் பெருவழக்காயிற்று. வங்காள நெசவாளர் கைத்திறன் அவ்வழக்கிற்குப் பின்னணியாக இருந்ததை இந்திய வாசகர் நினைவிற்கொள்ளுதல் தகும்.

1832 மார்ச் 12 அன்று பாரிசு ஓபராவில் ‘லா சில்ஃபீடு’ அரங்கேறியது. பிலிப்போ தாலியோனி அமைத்த அந்நடனத்தில் அவர் மகள் மாரி தாலியோனி காற்றில் வாழும் அணங்காக ஆடினார். தோள் தெரியும் வெண்ணிற மேற்சட்டை, மணி வடிவில் கெண்டைக்கால் வரை இறங்கும் மெல்லிய பாவாடை, விரல்நுனியில் நிற்கும் பாதம் ஆகியவை கண்டோர் மனத்தில் பதிந்தன. ஆடை வரைவு ஓவியர் யூசேன் லாமியுடையது என்பது மரபு. தாலியோனியின் உடையை அவர்தாம் வரைந்தாரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாண்டு வெளிவந்த உடைநாகரிகப் படங்களோடு ஒப்பிட்டால், தாலியோனியின் மேற்சட்டையும் மணிப் பாவாடையும் விருந்துக் கூடத்து உடையினின்று பெரிதும் வேறுபடவில்லை. நீளம் குறைந்தது, அணிகலன் நீங்கியது, நிறம் வெண்மையாயிற்று. அவ்வளவே.

புதுமை உடையில் இருந்ததைவிட ஒளியிலும் துணியிலும் இருந்தது எனலாம். பாரிசு ஓபராவில் 1822 முதல் எரிவாயு விளக்கு பயன்பட்டு வந்தது. மங்கலாக்கவும் கூட்டவும் இயலும் அவ்வொளி மெல்லிய வெண்துணியின் ஊடே பரவி, ஆடுபவர் மிதப்பது போன்ற தோற்றத்தைத் தந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற வலைத்துணி எந்திரம், கையால் பின்னிய விலைமிக்க வலைத்துணியை மலிவாக்கியிருந்தது. பாவாடைக்கு அடுக்கடுக்காக வலைத்துணி இடுவது இதனால்தான் இயல்வதாயிற்று.

அவ்வொளியும் அத்துணியும் சேர்ந்தே ஆடுநரின் உயிருக்கு உலை வைத்தன. 1844 டிசம்பரில் இலண்டன் துரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்சுடர் என்னும் ஆடுநரின் பாவாடை தீப்பற்றியது. மூன்று நாளில் அவர் இறந்தார். 1861இல் பிலடெல்பியா அரங்கொன்றில் கேல் உடன்பிறந்தார் உட்படப் பெண்கள் பலர் தீக்கிரையாயினர். பாவாடையில் அடங்கிய காற்றே தீயை வளர்த்தது. இக்கேடு மேடைக்கு மட்டும் உரியதன்று. கம்பிக்கூட்டுப் பாவாடையான கிரினோலின் 1856 முதல் பரவியபோது வீட்டிலிருந்த பெண்களும் இவ்வாறே மாண்டனர். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி 1861இல் உடை தீப்பற்றி இறந்தமை பலரும் அறிந்தது.

எம்மா லிவ்ரியின் முடிவு இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது. அவர் தாலியோனியின் மாணவி. 1860இல் தாலியோனி அவருக்கென்றே ‘லெ பப்பியோன்’ என்னும் நடனத்தை அமைத்தார். அதன் கதைத்தலைவி பட்டாம்பூச்சியாகி, தீவட்டியில் சிறகு கருகுபவள். துணியைப் படிகாரம் முதலிய உப்புக் கரைசலில் தோய்த்துத் தீயினின்று காக்கும் முறையைக் கார்த்தரோன் என்பவர் கண்டிருந்தார். அத்தகைய துணியையே மேடையில் அணிய வேண்டும் என 1859இல் அரசு ஆணையும் பிறந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்தது; வெண்மை மங்கியது. தம் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவதாகவும் விளைவுக்குத் தாமே பொறுப்பென்றும் லிவ்ரி ஓபரா இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் எரிவாயு விளக்கொன்று அவர் பாவாடையைப் பற்றியது. எட்டுத் திங்கள் துன்புற்று 1863 சூலை 26இல் இறந்தபோது அவருக்கு அகவை இருபதே. எரிந்த உடையின் எச்சம் பாரிசு ஓபரா நூலக அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

இதனை இளம் ஆடுநர் ஒருவரின் அழகுப்பற்று எனக் கூறி அமைதல் நேர்மையாகாது. எடையற்ற வெண்மை என்னும் தோற்றத்திற்காகவே அரங்கு அவரைப் போற்றியது. அத்தோற்றத்தைக் கெடுக்கும் துணியை அணிவதா என்னும் முடிவை மட்டும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, விளக்குகளை இருந்தவாறே விட்டிருந்தனர்.

தாலியோனியோ லிவ்ரியோ தம் உடையை டூட்டூ என்று அழைத்ததற்குச் சான்றில்லை. பிரெஞ்சு மொழியில் இச்சொல் 1880களின் தொடக்கத்தில்தான் பதிவாகிறது. உடலின் பின்புறத்தைக் குறிக்கும் குழந்தைப் பேச்சுச் சொல்லின் திரிபு இது என்பது சொற்பிறப்பியலார் பலரின் கொள்கை. உயர்கலையின் அணங்குடை கேலிச்சொல்லால் பெயர் பெற்றது. ஓவியர் தெகா மெழுகில் வடித்த பதினான்கு அகவைச் சிறுமியின் சிலை 1881இல் காட்சிக்கு வந்ததும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அச்சிலைக்கு அவர் துணிப் பாவாடையையே அணிவித்திருந்தார்.

வெளியுலகில் கிரினோலின் மறைந்த பின்னும் மேடையில் வலைப்பாவாடை நீடித்தது, ஆனால் குறுகியது. 1885இல் உருசியாவிற்கு வந்த இத்தாலிய ஆடுநர் வர்ஜீனியா சுக்கி குறும்பாவாடையை வற்புறுத்தினார். 1895இல் பீட்டர்சுபர்க்கின் ‘அன்னப் பொய்கை’யில் பியரீனா லென்யானி ஒற்றைக்காலில் முப்பத்திரண்டு சுழற்சிகள் ஆடினார். இத்தகைய வேலைக்கு முழங்காலும் தொடையும் புலப்பட்டாக வேண்டும். பாவாடை இடுப்பளவில் தட்டுப்போல் கிடையாக நிற்கும் வடிவம் இவ்வாறு உருவாயிற்று. அதனை நிறுத்தக் கம்பி வளையம் இடப்பட்டது. நியூயார்க்கில் பாலன்சீனுக்காக ஆடைகள் தைத்த பார்பரா கரீன்சுகா 1950இல் ‘சிம்பொனி இன் சி’ நடனத்திற்கு அவ்வளையத்தை நீக்கினார். குட்டையான வலை அடுக்குகளைத் தளர்த்தித் தைத்து, ஒன்றையொன்று தாங்கி நிற்கச் செய்தார். அருகருகே ஆடுவோர் பாவாடைகள் ஒன்றோடொன்று மோதித் தூக்கும் இடர் இதனால் தீர்ந்தது.

உருசிய மரபில் வந்த அன்னா பாவ்லோவா தமிழக ஆடற்கலையோடும் தொடர்புடையவர். ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டின் மரபு நடனத்தின்பால் திருப்பியவருள் அவரும் ஒருவர். ருக்மிணி தேவி முதலில் பயின்றது பாவ்லோவாவின் குழுவினரான கிளியோ நோர்தியிடம் பாலேயே. 1935இல் பரதநாட்டிய மேடையேறிய அவர் பின்னர்ப் பரப்பிய தைத்த நடன உடையில் டூட்டூவின் சாயல் சிறிதும் இல்லை. எனினும், ஆடுவதற்கென்றே தனியே தைக்கும் உடை என்னும் எண்ணத்திற்கு அப்பயிற்சியும் ஒரு தூண்டுதலாகலாம் எனக் கருத இடமுண்டு.

நாகரிக உடையுலகம் டூட்டூவை மீட்டெடுத்தது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். கிறித்தியான் தியோர் 1947இல் பூவிதழ் வட்டம் எனப் பெயரிட்ட விரிபாவாடைகளுக்கு உள்ளே வலைத்துணி அடுக்குகள் இருந்தன. 1949இல் அவர் தந்த ‘சூனோன்’, ‘வீனசு’ உடைகளில் அவ்வடுக்குகள் வெளியே வந்தன. இவை 1832ஐ நோக்கியவை, 1895ஐ அன்று. இலண்டனில் விவியன் வெசுட்வுட் 1985இல் தந்த ‘மினி கிரினி’ இன்னும் நுட்பமானது. கிரினோலினின் கூட்டையும் டூட்டூவின் குறுமையையும் ஒன்றாக்கிய அவ்வுடை, ஒரே விருந்துடையிலிருந்து கிளைத்துப் பிரிந்த இரண்டையும் மீண்டும் இணைத்தது. ‘செக்சு அண்டு த சிட்டி’ தொலைக்காட்சித் தொடரின் 1998ஆம் ஆண்டு முகப்புக் காட்சியில் நாயகி அணிந்த வலைப்பாவாடையை, உடைப்பொறுப்பாளர் பாட்ரீசியா ஃபீல்டு ஐந்து டாலர்த் தொட்டியில் கண்டெடுத்தார். 2001 ஆசுகர் விழாவில் பியோர்க் அணிந்த அன்ன உடை அன்று நகைப்புக்கு இடமாயிற்று. பின்னர் அருங்காட்சியகம் ஏறியது. 2020இல் நியூயார்க்கின் ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவன அருங்காட்சியகம் பாலேயும் உடையும் பற்றித் தனிக் காட்சியே நடத்தியது.

தெருவில் அணியும் வலைப்பாவாடை நெகிழ்ந்து தொங்கும். அணிந்தவர் அதில் அமரவும் வண்டியேறவும் வேண்டும். மேடைத் தட்டுப்பாவாடையோ பல அடுக்குகள் கொண்டது, கையால் சுருக்கிட்டுத் தைக்கப்படுவது, தொங்கினால் பயனற்றது. அதனால் ஆடல் முடிந்ததும் அரங்கு உடையறைகளில் அதனைத் தலைகீழாகவே மாட்டி வைக்கின்றனர்.